எண்ணெய் பட்ட இடம்

மன்னி,

காலையிலிருந்து வீடு முழுக்கச் சுண்ணாம்பு நெடி. வாளியில் தண்ணீர் ஊற்றியதும் புகைந்து கொதித்து அடங்குமே, அந்த நெடி மூக்கில் ஏறிய உடனே நீங்கள்தான் வந்து நின்றீர்கள், புடவையை வரிந்து செருகிக்கொண்டு, தலையில் ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொண்டு. வெள்ளையடிக்க வந்திருப்பவர் வடக்கத்தி ஆள், வயதானவர். தாதரில் பேசி அழைத்து வந்தார் உங்கள் மைத்துனர், அதாவது என் ஆத்துக்காரர். உள்ளறைச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, ஜன்னலை ஒட்டி வரிசையாக இருக்கும் கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார். மொத்தம் ஏழு. “தேல் ஹை, பாயி,” என்றார். எண்ணெயாம். சுரண்டச் சுரண்டப் போகவில்லையாம்.

எனக்குத் தெரியாதா! வருஷத்துக்கு ஒரு தரம் வெள்ளையடிக்கிறோம். மழை பிடித்தால் போதும், ஏழும் வெளியே வந்து என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

நீங்கள் போய் இன்றோடு பத்தொன்பது நாள். உங்கள் அண்ணா பாலக்காட்டிலிருந்து போட்ட கார்டு, மூலையில் கறுப்பு தடவி வந்தது. படித்துவிட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டோம். அப்படித்தானே செய்ய வேண்டும். இந்த வீட்டை விட்டு நீங்கள் போன ஐந்து வருஷத்தில் உங்களைப் பற்றி வந்த சேதி அது ஒன்றுதான், அதையும் உள்ளே விடவில்லை. தீட்டு கழிந்த கையோடு வெள்ளையடிக்கச் சொன்னதும் நான்தான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் செத்துப்போனது எனக்குச் சௌகரியமாகப் பட்டது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டாள், இந்தத் தடவை அந்தப் புள்ளிகளை அடியோடு மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். இப்படியும் ஒருத்தியா என்று தோன்றுகிறதா? தோன்றட்டும்.

யுத்தத்துக்காக ஜன்னல் கண்ணாடிகளிலெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்த காலத்தில் நான் மாட்டுங்காவுக்கு வந்தேன். மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் காலரி என்று ஒரு நீளத் தாழ்வாரம். அண்ணா தம்பி இருவருக்கும் ஆபீஸ் உத்தியோகம், இரண்டு சம்பளமும் வாடகைக்கும் ரேஷனுக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் சரியாக இருந்தது. அந்த ஒரு அறையில் மாமியார், மூத்த மருமகளாக நீங்களும் உங்கள் கணவரும், புதிதாக நாங்கள் இருவரும். எனக்கு அம்மா இல்லை. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட வீட்டில் என்னைக் கரையேற்றி விட்டதோடு கைகழுவிவிட்டார்கள். திரும்பிப் போக எனக்கு ஓர் இடம் கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்ததற்கு இது ஒரு சமாதானம் ஆகாது. ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று புது மாட்டுப்பெண்ணைக் கேட்பார்கள். நீங்கள் கேட்டது, “ஆணி அடிக்கத் தெரியுமோ?” கிண்டல் பண்ணுகிறீர்கள் என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை, சுத்தியலைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். முதல் அடியே என் கட்டைவிரலில். “விரலப் பாக்காதே, ஆணியப் பாரு,” என்றீர்கள். நகம் கறுத்துப் போயிற்று, அதற்காக ஒரு ‘ஐயோ’ உண்டா உங்கள் வாயில்? கிடையாது. சரியான கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரு மறைவு வேண்டும் என்றுதான் அந்த ஆணி. தேயிலைப் பெட்டிகளைப் பிரித்துச் சட்டம் கட்டினோம். அதில் கோணிச் சாக்கை இழுத்து அடித்து, புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சிய பசையில் பழைய பேப்பரை ஐந்தாறு சுற்று ஒட்டினோம். காய்ந்ததும் சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து அடித்தீர்கள். தட்டிப் பார்த்தால்தான் சாக்கு என்று தெரியும், பார்வைக்கு அசல் சுவர். அப்புறம் உங்கள் கை நிற்கவே இல்லை. மண்ணெண்ணெய் டின் பூந்தொட்டியானது. மிச்சமிருந்த ஒரு தேயிலைப் பெட்டிக்கு உங்கள் கிழிந்த புடவையில் சுருக்கம் வைத்துப் பாவாடை கட்டி, மேலே என் கண்ணாடியை நிறுத்தி, “இந்தா, மகாராணிக்கு அலங்கார மேஜை,” என்றீர்கள். பழைய காலண்டர்களை முக்கோணமாக நறுக்கி, ஈர்க்குச்சியில் உருட்டி, மணி மணியாக்கி, வாசலுக்குத் தொங்கலே போட்டுவிட்டீர்கள். கீழ்வீட்டு மாமி வந்து, “கடையில வாங்கினேளா?” என்று கேட்டாள். “கடையில வாங்க வக்கிருந்தா நான் ஏன் மாமி நாள் பூரா உக்காந்து காகிதத்த உருட்டறேன்?” என்றீர்களே, மாமியின் முகம் போன போக்கு! நாம் இரண்டு பேரும் காலரிக்கு ஓடிப்போய்ச் சிரித்தோம்.

சமையல்கட்டுச் சுவரை வெள்ளையடிக்கும்போதுதான் அந்தப் பாடம். தாளிக்கிற இடத்தில் எண்ணெய் தெறித்திருந்தது. தாராவியில் ஓர் ஆசாரியிடம் வாங்கிய அரக்குப் பாலிஷை ஒரு துணியில் தொட்டு, கறை இருந்த இடமெல்லாம் ஒற்றினீர்கள். “எண்ணெய் பட்ட இடத்துல சுண்ணாம்பு நிக்காதுடி. எத்தனை கை அடிச்சாலும் அடியிலேர்ந்து ஏறி வந்துடும். முதல்ல பாலிஷ் வச்சு அதோட வாய அடைக்கணும்.” அதற்கப்புறம் நீங்கள் எந்தச் சுவரைத் தொட்டாலும் முதலில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் சுண்ணாம்பைத் தொடுவீர்கள். பாலிஷ் பாட்டில் அலமாரியில் மேல் தட்டில் இருக்கும்.

நான் உண்டான ஐந்தாம் மாசம், குழந்தைக்கென்று ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஏதாவது வரைந்து தரச் சொல்லிக் கேட்டேன். “பொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் தயார் பண்ணப்படாது,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நான் விடவில்லை, அழுதேன். அதற்கும் நீங்கள் அசையாததால், “உங்களுக்கு வந்திருந்தா பண்ணிண்டிருக்க மாட்டேளா?” என்று கேட்டேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகக் குழந்தை இல்லையென்று மாமியாரிடம் தினம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, அதே சோற்றைச் சாப்பிடுகிற நான் கேட்டேன். நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். களைந்து முடித்தீர்கள்.

மறுநாள் புடவைப் பெட்டி அட்டையில் கிளி ஒன்றை வெட்டி வைத்திருந்தீர்கள். அதைச் சுவரில் அழுத்திப் பிடிப்பது என் வேலை, பச்சைப் பொடியைக் கோந்துத் தண்ணீரில் குழைத்து ஒற்றுவது உங்கள் வேலை. ஏழு கிளிகள், சிவப்பு மூக்கு, கழுத்தில் ஆரம். அவ்வளவு அழகை இந்தக் கட்டடத்தில் எவரும் பார்த்ததில்லை. ஆனால் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை வட்டம். “கண்ண மட்டும் விட்டு வச்சிருக்கேன்,” என்றீர்கள். “முடிக்காத வேலை தயார் பண்ணினதா ஆகாது. பொறந்து பேர் வச்சப்பறம் நீயும் நானுமா கண் தொறக்கலாம்.” சாஸ்திரத்துக்கும் எனக்கும் நடுவில் இப்படி ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்க்கவில்லை. அது உங்கள் குழந்தையும்தான் என்று நினைத்துவிட்டீர்கள், பைத்தியக்காரி.

எட்டாம் மாசம். யுத்தக் காலத்தில் ரயிலில் யார் போவது, போனாலும் எங்கே போவது என்று பிரசவத்துக்கு இங்கேயே இருந்தேன். ஒரு மத்தியானம் நீங்கள் தாதருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தீர்கள், மாமியார் சமையல்கட்டில் படுத்திருந்தார். நான் ஒருக்களித்துப் படுத்து அந்தக் கிளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழும் குருடு. பிள்ளைத்தாய்ச்சி எதைப் பார்க்கிறாளோ அதன் சாயல் குழந்தைக்கு வரும் என்பார்களே! ரெண்டு மாசமாகக் கண்ணில்லாததுகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேனே என்று நெஞ்சு பதறிவிட்டது. எழுந்து என் மைச்சிமிழை எடுத்தேன். விளக்கெண்ணெய் விளக்கில் நீங்களே கரி பிடித்து, நீங்களே குழைத்துத் தந்த மை. தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு ஏழு கிளிக்கும் கண் வைத்தேன். வைத்தவுடன் உயிர் வந்த மாதிரி இருந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் வலி கண்டுவிட்டது. சுவரைப் பார்க்க யாருக்கு நேரம்? நீங்கள்தான் குதிரை வண்டியில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். ஆண் குழந்தை. மூன்று நாள் இருந்தான்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மாமியார் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நீங்கள் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பத்து நாளாக அந்த வீட்டில் உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உங்கள் கணவர் ஆபீஸ் போகிற கோலத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் தொங்கலுக்கு அடியில் நின்றார்.

“பொறக்கறதுக்கு முன்னாடி கண்ணத் தொறந்து என் பேரனத் தின்னுட்டு, நான் வைக்கவே இல்லைங்கறா இவ,” என்றார் மாமியார். “நீ சொல்லு. எப்ப வச்சா?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, வெறுமனே பார்த்தீர்கள். இந்த வீட்டுக்கு இப்போது ஒருத்தி மேல் பழி போட்டாக வேண்டும், நீங்கள் இல்லையென்றால் நான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்காவது ஊரில் ஓர் அண்ணா இருக்கிறார், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்த ஒரு நொடியில் கணக்காக யோசித்தேன்.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலம்பற,” என்றேன். “வேண்டாம்னு சொன்னேன். மன்னி கேக்கல.”

அந்தக் கடைசி வார்த்தைகளை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே சேர்த்தேன்.

நீங்கள் சுவர்ப் பக்கம் போனீர்கள். ஒரு கிளியின் கண்ணை விரலால் தேய்த்தீர்கள். விரல் நுனியைப் பார்த்தீர்கள். பொடி வர்ணம் அப்படி ஒட்டாது, உங்களுக்குத் தெரியும். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, “சரி,” என்றீர்கள். அவ்வளவுதான். உங்கள் கணவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தச் ‘சரி’க்காக உங்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். கீழ்வீட்டு மாமிக்குப் பட்டென்று பதில் சொல்லத் தெரிந்த வாய்க்கு, அன்றைக்கு என்ன வந்தது? “இது மை, இவளோட மை” என்று விரலை மாமியார் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கலாமே! என்னை அறைந்திருக்கலாமே! நீங்கள் பொறுத்துப் போனீர்கள், நான் பிழைத்துப் போனேன். அப்படிப் பிழைத்ததில் ஒரு நாளாவது எனக்குச் சோறு இறங்கியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இறங்கியது. அதுதான் கேவலம்.

ஆனால் நீங்கள் ஒன்றும் செய்யாமல் போய்விடவில்லை. உங்களை ஊருக்கு அனுப்புவது என்று முடிவான பிறகு, கிளம்புவதற்கு முதல் நாள், சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து அந்தச் சுவர் முன்னால் நின்றீர்கள். மாமியார் மறைக்கச் சொல்லியிருந்தார். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சுவரைத் தடவிப் பார்க்கவில்லை. நேரே வெள்ளையடிக்கிற மட்டையை வாளியில் முக்கினீர்கள். எனக்குத் தாங்கவில்லை, வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “பாலிஷ் வைக்கலையா, மன்னி?”

நீங்கள் திரும்பினீர்கள். மட்டையிலிருந்து சுண்ணாம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“எதுக்கு? எங்கேயாவது எண்ணெய் பட்டிருக்கா?”

நான் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தீர்கள். சமையல்கட்டில் மாமியார் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் பெட்டியைப் பிரித்து வைத்துவிடலாம்.

“இல்ல,” என்றேன்.

“அப்ப சரி,” என்று அடிக்க ஆரம்பித்தீர்கள். ஏழு கிளியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மறுநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுத்தியலை மட்டும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனீர்கள். முதல் மழைக்குக் கண்கள் ஏறி வந்தபோதுதான் நீங்கள் என்னை எப்படிக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. நான் பாலிஷைத் தொட்டால், அது எண்ணெய் என்று எனக்குத் தெரியும் என்றாகிவிடும். எவ்வளவு குரூரம் உங்களுக்கு!

அடுத்த ஆவணியில் உங்கள் கணவருக்கு இன்னொரு கல்யாணம். புது மனைவியோடு செம்பூருக்குக் குடிபோனார். மறுவருஷம் எனக்குப் பெண் பிறந்தாள், இப்போது நாலு வயது. அவளுக்கு நான் மையிட்டதே கிடையாது. பெற்றவள் மையிடாமல் யாராவது குழந்தை வளர்ப்பார்களா என்று கட்டடமே கேட்கும். இடுவதெல்லாம் மாமியார்தான். வீட்டில் நீங்கள் செய்து வைத்தவை ஒவ்வொன்றாகப் பல்லிளித்துவிட்டன. காகித மணிகள் நமத்துப் போயின, சாக்குச் சுவர் தொப்பை விழுந்து நிற்கிறது. நான் அடிக்கிற ஆணியெல்லாம் வளைகிறது.

இன்றைய கதைக்கு வருகிறேன். வெள்ளையடிக்கிற பெரியவர் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து திரி உருட்டிக்கொண்டிருந்தார். “பாட்டி, அது என்ன கறுப்பு?” என்று என் பெண் கேட்டாள்.

“ஒரு மலடி வச்ச கண்ணுடி, கண்ணு. உன் அண்ணாவத் தின்ன கண்ணு.”

நாலு வயசுக் குழந்தையிடம்! செத்து இருபது நாள் ஆகாதவளை! எனக்கு என்னவோ ஆகிவிட்டது. “அவ வைக்கல,” என்று கத்தினேன். “நான் வச்சேன். என் மை, என் கை. அவ மேல பொய் சொன்னேன். கேட்டேளா? நான்தான்!”

மாமியார் நிமிரக்கூட இல்லை. திரியைத் தொடையில் உருட்டியபடியே சொன்னார்: “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். விளக்கெண்ணெய் மை நாறறது எனக்குத் தெரியாதா? பெரியவன் இன்னொரு கல்யாணத்துக்கு ஒத்துக்கவே மாட்டேன்னு நின்னான். ‘அவ வைக்கலைங்கறா, சின்னவ வாயால கேட்டாத்தான் நம்புவேன்’னான். நீ சொன்னே, நம்பினான். நான் உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா? எப்ப வச்சான்னுதானே கேட்டேன். வேண்டாம்னேன், கேக்கலைன்னு நீயாத்தானே சேத்துண்டே?” உருட்டிய திரியைத் தட்டில் போட்டார். “போனவ போயாச்சு. ஆகவேண்டியதப் பாரு. அந்த ஆள்கிட்டச் சொல்லி நன்னா மறைக்கச் சொல்லு.”

கேட்டீர்களா, மன்னி? பழி வேண்டும், இல்லாவிட்டால் என்னைத் துரத்துவார்கள் என்று ஐந்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் துரத்துவதாகவே இல்லை. பேரனைப் பெற்றுத்தர வேண்டியவள் நான், என்னை மாமியார் எதற்கு விடுவார்? நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் இருந்திருப்போம். உங்கள் கணவர் என் வாயைப் பார்த்துக்கொண்டுதான் வாசலில் நின்றிருக்கிறார். அவர் வேண்டிக்கொண்டு நின்றது கூட எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையடிக்கிற பெரியவர் பாலிஷ் பாட்டிலைத் திறந்து துணியோடு காத்திருந்தார். காலையில் நான்தான் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். “லகாவூம் க்யா, பாயி?” வைக்கட்டுமா என்று கேட்டார்.

“நக்கோ,” என்றேன். வேண்டாம், வெறும் சுண்ணாம்பு போதும்.

“ஃபிர் நிக்லேகா,” என்று எச்சரித்தார். மறுபடியும் வரும். வரட்டும் என்றேன். ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு, பாட்டிலை மூடிவிட்டு அடிக்க ஆரம்பித்தார். நீங்கள் அன்றைக்கு அதை எடுக்கவில்லை, இன்றைக்கு நானும் எடுக்கவில்லை.

இப்போது சுவர் ஈரமாக இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பில் எல்லாம் தெரியும், உங்களுக்குச் சொல்ல வேண்டாம். குழந்தை போய் எட்டி நின்று ஏழு புள்ளியையும் விரலால் எண்ணிவிட்டு வந்து, “யாரும்மா இதப் போட்டா?” என்று கேட்டாள்.

“உன் பெரியம்மா இங்கே கிளி வரைஞ்சா,” என்றேன். “கண்ணு நான் வச்சேன்.”

அவள் திரும்பிப் போய்ச் சுவரை மேலும் கீழும் தேடினாள். குனிந்து, கட்டில்மேல் ஏறி, ஜன்னலுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள்.

“கண்ணு மட்டும் இருக்கே,” என்றாள். “கிளி எங்கேம்மா?”

அதைக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், மன்னி.